பார்க்கலாம், பேசலாம்

காந்திபுரத்து ஏஜென்ட் சொன்னபடி
பின்னணி வெள்ளை, சிரிப்பு கூடாது.
முடியை ஒதுக்கி, காது இரண்டும் தெரிய
மூன்றாவது முறை எடுத்த படம்
விசாவில்.
வரும் காரணம்: வணிகம்.
தங்கும் நாள்: நான்கு.
அழைப்புக் கடிதத்தில் நான்
மிஸ்டர் திருமேனி.
அது அப்பா.
அவர் காங்கேயம் தாண்டியதில்லை.

கிளம்பும் முன் முதலாளி
விதிகளைப் படித்துக் காட்டினார்.
கூட்டத்தில் உட்காரலாம்.
விலை பேசலாம்.
ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம்.
ஸ்பேனரைத் தொடக் கூடாது;
தொடுவதென்றால் அதற்கு வேறு தாள்,
முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்,
இனி நேரமில்லை.
"ஆர்வத்துல கைய வெச்சறாத கண்ணு."

துவாஸில்
மேடம் கோ இரண்டு கையாலும் கார்டு நீட்டினார்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
அந்த வாரம் என் கைகள் செய்த
முழு வேலை அதுதான்.

மஞ்சள் சட்டை மாட்டி,
கழுத்தில் 'விருந்தினர்' தொங்க
பம்ப் அறைக்குள் போனோம்.
மூன்றாம் எண்
கூழாங்கல்லை மென்றுகொண்டிருந்தது.
எங்கள் பட்டறையில் பிறந்தது,
அதன் வார்ப்பில் என் தேய்ப்பும் உண்டு.
பேரிங் போய்விட்டதாம், புதிது சொல்லியிருக்கிறார்களாம்,
வர மூன்று வாரம் ஆகுமாம்.
பேரிங் இப்படிக் கத்தாது.
பேரிங் அழும்.
இது தண்ணீர் கிடைக்காத தொண்டை.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
மிருகக்காட்சிசாலைக்கு வந்த பள்ளிப் பிள்ளை போல.
"உறிஞ்சும் பக்கம் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்" என்றேன்.
பேசலாம், அல்லவா.

பம்ப்புக்குப் பின்னாலிருந்து எழுந்தவர்
ஆலங்குடிப் பக்கமாம். பெயர் அடைக்கலம்.
இந்தக் கம்பெனி, இந்த வேலை,
இரண்டு வருடம் என்று அச்சடித்த அட்டை
அவர் சட்டைப்பையில்.
போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபடி
எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:
"எனக்கும் அதான் தோணுச்சுக்கா. பத்து நாளா."
சொல்லியிருக்கலாமே?
"யாரும் கேக்கலையே."

அவர் பேசக் கூடாதென்று
எந்த விதியிலும் இல்லை.
நான் தேடிப் பார்த்தேன், அன்றிரவு,
டன்லப் தெரு விடுதியில்,
பரோட்டா ஆறும்வரை.

ஐந்தாவது போல்ட் வரவில்லை.
முதுகுக்குப் பின்னால் என் விரல்கள்
தாமாகத் திரும்பின, இடப்பக்கம், கால் சுற்று.
அவர் ஒரு தட்டுத் தட்டினார். வந்தது.
வடிகட்டிக்குள்
நனைந்து நசுங்கி
ஒரு கையுறை.
இடது கை.
யாருடையது என்று மேடம் கோ கேட்டார்.
எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்,
நானும்.

மூன்றாம் எண் வாயை மூடிக்கொண்டு ஓடத் தொடங்கியது.
மேடம் என்னிடம் நன்றி சொன்னார்.
எனக்கு மட்டும்.
நான் அடைக்கலத்தைக் காட்டினேன்.
அவர் அதற்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாங்கி. கட்டைவிரலை வைத்தேன்,
முதல் தொடுதலிலேயே கதவு திறந்தது.
நான்கு நாளில் கிரீஸ் படாத விரல்.
"என்னுது மூணு தடவ வெச்சாலும் படியாதுக்கா,
ரேகையெல்லாம் தேஞ்சிருச்சு" என்று
எண் வாங்கும்போது சிரித்திருந்தார்.

இருக்கையில் உட்கார்ந்ததும் ஒரு குரல் செய்தி.
ஒன்பது நொடி. பேச்சில்லை.
பம்ப் மட்டும்,
சீராக.
முடியை ஒதுக்கிக் காதோடு வைத்துக் கேட்டேன்.
அணைக்கச் சொல்லும்வரை நான்கு முறை.

பயண அறிக்கை எழுத வேண்டும்.
சந்திப்புகள்: இரண்டு.
புதிய ஆர்டர்: பேச்சு நடக்கிறது.
பழுது நீக்கியவர், முழுப் பெயர்:
அடைக்கலம்
என்று எழுதிவிட்டு
அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.
அவர் அப்பா பெயரைக் கேட்கவில்லை.